மேட்டு நிலமும் கடற்கரையும் – 14: பாலாற்றுப் பாதையில் இறங்கிய படை

முந்தைய பகுதிகளில்: கி.பி. 642-இல் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் படை தக்காண மேட்டு நிலத்தின் மீது ஏறிச் சென்று சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழித்து முதலாம் விக்கிரமாதித்தன் அந்நகரை மீட்டதோடு நில்லாமல், 674-இல் காவிரிக்கரை உறையூர் வரை இறங்கி வந்து பாசறை அமைத்தான். பெருவளநல்லூர்ப் போரில் பரமேசுவரவர்ம பல்லவன் அவனைத் திருப்பி அடித்தான். இவ்வாறு இரண்டு அரசுகளும் ஒன்று மற்றொன்றின் தலைநகர் வரை சென்று மீண்டன என்றாலும் எதுவும் மற்றதன் மண்ணில் நிலைத்து வேரூன்றவில்லை.

இதற்குக் காரணம் அரசர்களின் வீரத்தில் இருந்த குறையா, அல்லது அவர்கள் காலடியில் கிடந்த நிலமா என்ற கேள்வியோடு இந்தப் பகுதி எட்டாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் நுழைகிறது.

✦

நிலத்தின் சாய்வு

தென்னிந்தியாவின் தரை மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து கிடக்கிறது. அரபிக் கடலை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலை செங்குத்தாக எழுந்து நிற்க, அதன் முதுகிலிருந்து தொடங்கும் பீடபூமி, அதாவது தலை தட்டையாகப் பரந்த மேட்டு நிலம், வங்கக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கிருஷ்ணை, பெண்ணை, பாலாறு, காவிரி ஆகிய ஆறுகள் மேற்கே பிறந்து கிழக்கே ஓடுவதும் இந்தச் சாய்வினால்தான்.

மேட்டு நிலத்தின் கிழக்கு விளிம்பில் தொடர்ச்சியற்ற மலைகள் காவல் நிற்கின்றன. அவற்றின் இடையே ஆறுகள் அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்குகளே, பொதி மாடுகளோடு கூட்டமாகச் செல்லும் வணிகச் சாத்துகளுக்கும் படைகளுக்கும் பழங்காலத்தில் வழியாக அமைந்தன.

அத்தகைய வழிகளில் பல்லவர் ஆண்ட தொண்டை நாட்டின் தலைவிதியை எழுதியது பாலாற்றுப் பாதை. கர்நாடகத்தில் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, கோலார் மேட்டைக் கடந்து ஆந்திரத்தின் ஒரு மூலையைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக இறங்கி, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலை அடைகிறது. வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் இடையே தெற்கில் சவ்வாது மலையும் வடக்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளும் நிற்க, நடுவில் ஆறு அகழ்ந்த நீண்ட வாசல் ஒன்று திறந்து கிடக்கிறது. இன்று சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், சோலையார்பேட்டை வழியாகச் செல்லும் இருப்புப் பாதையும் அதே வாசலைத்தான் பயன்படுத்துகின்றன.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடப்பது. ஆயினும் அந்த மணலுக்கு அடியில் நீர் வற்றுவதில்லை. சிறிது தோண்டினாலே ஊற்று சுரக்கும். யானைகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு நெடுந்தொலைவு வரும் ஒரு படைக்கு, வெள்ளத் தடையில்லாத வழியும் வழிநெடுகக் குடிநீரும் ஒருங்கே கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வாசலின் மேல்புறத்தில் கோலார், தலக்காடு பகுதிகளில் கங்கர்களும், பாலாற்றின் நடுப்பகுதியில் பெரும்பாணப்பாடி எனப்பட்ட நாட்டில் பாணர்களும் ஆண்டனர். மேட்டு நிலத்துக்கும் சமவெளிக்கும் இடையில் அமைந்த இந்தச் சிற்றரசுகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கத்துப் படைக்கே வாசல் திறந்தது. செங்கம் வட்டாரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் காலம் முதல் நிறுத்தப்பட்ட நடுகற்கள், தொறு எனப்பட்ட மாட்டு மந்தைகளைக் கவர்வதிலும் மீட்பதிலும் மாண்ட வீரர்களைக் குறிக்கின்றன. பேரரசுகள் படை திரட்டாத ஆண்டுகளிலும் அந்த எல்லையில் அமைதி அரிதாகவே இருந்தது என்பதற்கு அக்கற்களே சான்று.

✦

கடல் கொடுத்த வலிமை

வாசலின் கீழ்முனையில் பல்லவரின் தலைநகரான காஞ்சி இருந்தது. பாலாற்றின் துணையாறான வேகவதியின் கரையில், கடலிலிருந்து ஒரு படை ஏறத்தாழ மூன்று நாளில் நடந்து வரக்கூடிய தொலைவில் அந்நகர் அமைந்தது. புயலும் கடற்கொள்ளையும் எட்டாத அளவுக்கு உள்ளே, துறைமுகத்தின் வருவாய் கைவிட்டுப் போகாத அளவுக்கு அருகே.

சோழமண்டலக் கரையில் ஆழமான இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. ஆற்று முகங்களை மணல்திட்டுகள் அடைத்துக்கொள்வதால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட, சரக்குகள் படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்ந்தன. இந்தக் குறையைக் காற்று ஈடு செய்தது: ஐப்பசிக்குப் பின் வீசும் வடகிழக்குக் காற்று கப்பல்களை இலங்கைக்கும் தெற்கேயும் கொண்டு சென்றது, கோடையில் எழும் தென்மேற்குக் காற்று வங்கக் கடலைக் குறுக்கே கடந்து கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டு சென்றது. பருவம் அறிந்தவனுக்குத் துறைமுகம் இல்லாத கரையும் துறைமுகமாயிற்று.

பாலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் அகழாய்வு செய்தபோது, மேலை நாட்டு மதுச் சாடிகளான ஆம்போராக்களின் உடைசல்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நீர்ப்பெயற்றுத் துறையில் வந்து நின்ற கப்பல்களையும் அவற்றுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கத்தையும் குறிப்பிடுகிறது. பல்லவர் காலத்தில் அந்த இடத்தை மாமல்லபுரம் எடுத்துக்கொண்டது. தாழ்ந்த மணற்கரையில் திடீரென எழும் அதன் பாறைக் குன்றுகள் கடலில் வரும் மாலுமிக்குத் தொலைவிலிருந்தே அடையாளமாயின.

இராசசிம்மன் என்று புகழ்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 700 முதல் 728 வரையிலான ஆண்டுகளில், இந்தக் கடல் உறவு உச்சத்தைத் தொட்டது. 720-இல் அவன் அனுப்பிய தூதுக் குழு சீனத்தின் தாங் பேரரசவையை அடைந்தது. அரேபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப் படையையும் குதிரைப் படையையும் பயன்படுத்த அவன் முன்வந்ததையும், அப்படைக்குப் பேரரசன் ஒரு சிறப்புப் பெயர் வழங்கியதையும் சீனக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன.

உலகின் மிக உயர்ந்த மேட்டு நிலத்து அரசைப் பற்றிய அரசியலில் காஞ்சிக்குப் பங்கு இருந்தது. ஆனால் அதே காஞ்சியால் தன் வீட்டுக் கொல்லைப்புறத்து மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் வாசலை அடைக்க முடியவில்லை. சீனம் வரை சென்ற கப்பல்களால் வாணியம்பாடிக்கு ஒரு படைவீரனைக் கூடக் கொண்டுபோய்ச் சேர்க்க இயலாது என்பதே கடலரசுகளுக்கு நிலம் விதித்த எல்லை.

✦

மேட்டு நிலத்தின் தேவை

சாளுக்கியரின் வாதாபி, இன்றைய கர்நாடகத்தின் பாதாமி, மலப்பிரபை ஆற்றுப் பள்ளத்தாக்கில் செம்மணற்கல் குன்றுகளுக்கு நடுவே அமைந்தது. முதலாம் புலிகேசி 543-இல் அங்கே கோட்டை எழுப்பியதை அக்குன்றிலேயே உள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஏரி, ஏரிக்கரையில் நகர், குன்றுகளின் உச்சியில் கோட்டை என்று இயற்கையே அரண் கட்டித் தந்த இடம் அது.

அரண் வலிது, மழையோ குறைவு. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறமே பொழிந்துவிடுவதால், மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் மழை மறைவுப் பகுதி ஆகிறது. அங்கே சோளமும் தினையும் கால்நடையும் செழிக்குமே தவிர, நெல் விளையும் நிலம் ஆற்றோரங்களில் மட்டுமே கிடைக்கும். கோட்டைகளையும் பெரும்படையையும் கோயில்களையும் காக்க விரும்பிய ஓர் அரசுக்கு அந்த விளைச்சல் போதாது.

மேற்கே கொங்கணக் கரையைச் சாளுக்கியர் வென்றிருந்தனர் என்றாலும், செங்குத்தான மலையைத் தாண்டித்தான் அந்தக் கரையை அடைய வேண்டும். கிழக்கேயோ நிலமே இறங்கி வழிவிட்டது. வழியின் முடிவில் நெற்களஞ்சியங்களும் கடல் வணிகத்தின் செல்வமும் குவிந்த காஞ்சி இருந்தது.

மேட்டு நிலமும் கடலும் ஒரே அரசின் கீழ் இணைந்த இடங்கள் உலகில் உண்டு. ஆப்பிரிக்காவின் அக்சும் அரசு 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தலைநகரை வைத்துக்கொண்டே செங்கடல் கரையின் அதுலிசு துறைமுகத்தையும் ஆண்டது. இரண்டுக்கும் இடையே எட்டு நாள் பயணம் என்று பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு கூறுகிறது. வாதாபிக்கும் காஞ்சிக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது; நடுவில் கங்கரும் பாணரும் இருந்தனர்; மழைக்காலமும் இரு பக்கத்தும் வேறுவேறு. ஆகவே தென்னிந்தியாவில் ஒருவர் மற்றவரின் செல்வத்தை ஆள முடியவில்லை, அள்ள மட்டுமே முடிந்தது.

✦

அரசனில்லாத அரியணை

இராசசிம்மனுக்குப் பின் பட்டம் ஏறிய இரண்டாம் பரமேசுவரவர்மனின் ஆட்சி மிகக் குறுகியது. 730-ஐ ஒட்டிச் சாளுக்கிய இளவரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கங்க இளவரசன் ஒருவனின் துணையோடு காஞ்சியை நெருக்கித் திறை பெற்றான். கங்கர் மேட்டு நிலத்தோடு சேர்ந்துகொண்டதால் வாசல் திறந்துவிட்டது. பரமேசுவரவர்மனும் விரைவில் மறைய, நேரடி வாரிசு இல்லாத நிலையில் காஞ்சியின் அரியணை வெறுமையாயிற்று.

அடுத்து நிகழ்ந்ததைக் காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் இன்றும் வரிசையாகக் காணலாம். அமைச்சர்களும் கடிகையாரும், அதாவது உயர்கல்வி நிலையத்தைச் சேர்ந்தோரும், நகரத்து மக்களும் கூடிப் பல்லவர் குலத்தின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனை நாடிச் செல்வதும், அவன் மகன்களில் இளையவனான பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானே செல்வதாக முன்வருவதும், மலைகளும் ஆறுகளும் காடுகளும் கடந்து அவன் காஞ்சிக்கு வந்து நந்திவர்மன் என்ற பெயரோடு முடிசூடுவதும் அங்கே சிற்பங்களாகவும் அவற்றின் கீழே எழுத்தாகவும் அமைந்துள்ளன.

731-ஐ ஒட்டி முடிசூடிய அந்த இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன் என்று பெயர் பெற்று 65 ஆண்டுகள் ஆளப் போகிறவன். ஆனால் தொடக்கத்தில் அவன் தேர்வு செய்யப்பட்ட சிறுவன் மட்டுமே. உரிமை கோரும் வேறு கிளையினர் உள்ளே இருந்தனர், பாண்டியர் தெற்கே இருந்தனர், மேற்கே வாதாபியில் 733 அல்லது 734-இல் விக்கிரமாதித்தன் அரசனாகிவிட்டான்.

✦

காஞ்சிக்குள் விக்கிரமாதித்தன்

740-ஐ ஒட்டிய ஆண்டு ஒன்றில் சாளுக்கியப் படை மீண்டும் இறங்கியது. தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து களஞ்சியங்கள் நிறைந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் வடிந்திருக்கும். ஆனியில் தன் நாட்டில் மழை பிடித்து உழவு தொடங்கும் முன் படை திரும்பிவிட வேண்டும். மேட்டு நிலத்துப் படையெடுப்புக்குப் பருவங்கள் விட்டுத்தந்த இடைவெளி அந்த நான்கைந்து மாதங்களே எனலாம்.

தொண்டை நாட்டுக்குள் விரைந்து புகுந்த விக்கிரமாதித்தன், நேருக்கு நேர் வந்த நந்திவர்மனை முறியடித்தான் என்று அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் வெளியிட்ட கெந்தூர்ச் செப்பேடும், கோலார் பகுதியைச் சேர்ந்த வக்கலேரிச் செப்பேடும் கூறுகின்றன. கைப்பற்றியவற்றின் பட்டியலை அச்செப்பேடுகள் நிதானமாக அடுக்குகின்றன: கடுமுகம் என்னும் இசைக்கருவி, சமுத்திரகோசம் என்னும் இசைக்கருவி, பல்லவரின் கட்வாங்கக் கொடி, மதயானைகள், மாணிக்கக் குவியல்கள். கடலோசையின் பெயர் தாங்கிய முழக்கக் கருவியை மேட்டு நிலத்துக்குக் கொண்டு செல்வது, பல்லவரின் பெருமை எதில் இருந்தது என்பதை வென்றவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

பிறகு அவன் நகருக்குள் நுழைந்தான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அவன் முன்னோரின் வாதாபி பல்லவரால் வீழ்த்தப்பட்டிருந்தது. வாதாபியின் பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் வெற்றியைப் பொறித்த கல்வெட்டு அவன் கண்முன்னேயே இருந்தது. பழி வாங்குவதற்கான நினைவும் வலிமையும் வாய்ப்பும் மூன்றும் கையில் இருந்த கணம் அது.

காஞ்சியை அவன் அழிக்கவில்லை.

நகரத்தாருக்கும் எளியோருக்கும் கொடை வழங்கி, இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயிலுக்குச் சென்று, அக்கோயிலின் பொற்குவியலைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பித் தந்தான். இது சாளுக்கியர் தம் செப்பேட்டில் தாமே எழுதிக்கொண்ட புகழுரை மட்டுமன்று. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் பழங்கன்னட எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டும் இதையே கூறுகிறது. பல்லவக் கிரந்த எழுத்தில் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் சுற்றுச் சிற்றாலயங்கள் எங்கும் நிறைந்திருக்கும் அந்தக் கோயிலில், ஒரே ஒரு தூண் மேட்டு நிலத்தின் எழுத்தைத் தாங்கி நிற்கிறது. பின்னர் மீண்டும் காஞ்சியைப் பெற்ற பல்லவர்கள் அந்த எழுத்தைச் செதுக்கி அழிக்காமல் விட்டார்கள் என்பதும் எண்ணத்தக்கது.

ஏன் இந்தப் பெருந்தன்மை? பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதனோடு நிலத்தின் கணக்கும் சேர்ந்திருந்தது. தான் தங்கி ஆள முடியாத நகரை அழித்தால் கிடைப்பது ஒரு முறை வரும் கொள்ளை. வாழவிட்டால் திறை ஆண்டுதோறும் வரும். பொன்னை அள்ளிச் செல்வதைவிடக் காஞ்சியின் இறைவனுக்கே கொடை தந்த அரசன் என்ற பெயர், தொண்டை நாட்டில் அதிகம் பயன் தரும்.

அவன் ஊர் திரும்பியபின் பட்டத்தரசி உலோகமாதேவி, காஞ்சி மூன்று முறை வெல்லப்பட்டதன் நினைவாக, வாதாபிக்கு அருகே மலப்பிரபைக் கரையில் உள்ள பட்டடக்கல்லில் பெருங்கோயில் ஒன்றைக் கட்டுவித்தாள். இன்று விரூபாட்சர் கோயில் எனப்படும் அதன் விமான அமைப்பு காஞ்சிக் கயிலாசநாதரை நினைவூட்டுவது. மேட்டு நிலத்துக்குச் சென்ற செல்வத்தில் நெடுங்காலம் நிலைத்தது கட்டடக் கலைதான்.

✦

சமவெளி ஏன் சாயவில்லை

மூன்று முறை தலைநகர் வெல்லப்பட்ட ஓர் அரசு அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது எவ்வாறு? காஞ்சியின் மதில்களிலோ மாமல்லபுரத்தின் கப்பல்களிலோ விடையைத் தேடினால் கிடைக்காது. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் முதல் தெற்கே உத்திரமேரூர் வரை பரவிய ஊர்ப்புறத்தின் ஏரிகளில்தான் அது இருக்கிறது.

தொண்டை நாட்டுக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் புயல் மழையாக வருகிறது. காவிரியைப் போல மாதக்கணக்கில் ஓடும் ஆறு இங்கே இல்லை. ஆனால் நிலம் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே சீராகத் தாழ்வதால், சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை எழுப்பினாலே நீர் தேங்கும். அது நிரம்பியதும் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. இந்தத் தொடரமைப்பே பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயரை வாங்கித் தந்தது.

பல்லவர்கள் இந்த அமைப்பைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியிலும் மாமண்டூரிலும் ஏரிகள் கண்டான். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டு, காஞ்சிக்கு அருகே உள்ள கூரத்தின் பரமேசுவரத் தடாகத்தை நிரப்பியதை முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கூறுகிறது. ஆற்று மணலுக்கடியில் சுரக்கும் நீரையும் ஊற்றுக்கால் தோண்டி வயலுக்குக் கொண்டு வந்தனர்.

ஏரி நீரை வெளியே விடும் குமிழித்தூம்பு அக்காலத் தொழில்நுட்பத்தின் கூர்மையைக் காட்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஏரியின் உள்ளே இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லின் துளை வழியே ஒரு நீண்ட கழி இறங்கும். கழியின் அடிநுனியில் உள்ள அடைப்பு, தரையில் பதித்த கல் தொட்டியின் துளையை மூடியிருக்கும். நீந்திச் சென்று கழியைத் தூக்கினால் துளை திறந்து, நீர் கரைக்கு அடியில் புதைத்த கல் மதகு வழியாக வயலுக்குப் பாயும், இறக்கினால் நிற்கும். கரையைத் திறக்காமலே நீரை அளந்து விடும் இந்த முறையால் ஏரிக்கரை வெள்ளத்தில் உடையும் ஆபத்து குறைந்தது.

இங்கேதான் திருப்புமுனை இருக்கிறது. யானைகளும் மாணிக்கங்களும் முழக்கக் கருவிகளும் மலை ஏறிப் போகலாம், ஏரி போகாது. படை திரும்பிய அடுத்த ஐப்பசியில் மழை பெய்தால் ஏரி நிரம்பும், தையில் நெல் விளையும், நெல்லைக் கொண்டு அரசு மீண்டும் எழும். போரும் பஞ்சமும் ஒன்றாக வந்த காலங்களில் காஞ்சி பட்ட துன்பம் கடுமையானது. கவி தண்டி நகரைவிட்டு நீங்கி அலைந்ததை அவர் பெயரில் வழங்கும் அவந்திசுந்தரி கதை கூறுகிறது. ஆனால் நகரம் ஒவ்வொரு முறையும் மீண்டது, மீட்டது ஊர்ப்புறம்.

நந்திவர்மனும் மீண்டான். வேகவதிக்கரை வில்வலம் ஊரினனான அவன் தளபதி உதயசந்திரன், நந்திபுரத்தில் முற்றுகையிடப்பட்ட அரசனை விடுவித்துப் பல போர்களை வென்றான் என்று, அந்தப் பாலாற்று வாசலிலேயே அமைந்த உதயேந்திரம் ஊரின் செப்பேடு புகழ்கிறது. கங்க மன்னனிடமிருந்து உக்ரோதயம் என்னும் மணி பதித்த கழுத்தணியை நந்திவர்மன் கவர்ந்ததாகத் தண்டந்தோட்டம் செப்பேடு கூறுகிறது. வாசற்காவலனைப் பணிய வைத்தால்தான் வாசல் அடைபடும் என்ற பாடத்தைக் காஞ்சி கற்றுக்கொண்டது.

✦

ஏரிக்கு ஒரு பெயர்

753-ஐ ஒட்டி மேட்டு நிலத்திலேயே ஆட்சி மாறியது. இராட்டிரகூட மரபின் தந்திதுர்கன், சாளுக்கியன் கீர்த்திவர்மனை வீழ்த்தித் தக்காணத்தின் தலைவனானான். அவனும் காஞ்சியின் மீது படை நடத்தினான். ஆனால் இம்முறை முடிவு வேறாக அமைந்தது. நந்திவர்மனின் அரசியான ரேவா இராட்டிரகூட இளவரசி, தந்திதுர்கனின் மகள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அவள் வயிற்றில் பிறந்த மகன் தந்திவர்மன் என்ற பெயர் பெற்றது பாட்டன் பெயரைத் தாங்கியே என்பது அவர்கள் கருத்து.

நந்திவர்மன் காலத்தில், 750-ஐ ஒட்டி, செய்யாற்றுச் சமவெளியில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் பிரமதேயமாக, அதாவது வேதம் ஓதும் அந்தணர்க்கு வரி நீக்கி வழங்கப்பட்ட ஊராக, உருவெடுத்தது. அதுவே இன்றைய உத்திரமேரூர். அவ்வூரின் பேரேரி தந்திவர்மன் காலக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று குறிக்கப்படுகிறது. வைரமேகன் என்பது தந்திவர்மனின் பட்டம்; அதே பட்டம் தந்திதுர்கனுக்கும் உரியது. சமவெளியின் உயிரான ஓர் ஏரி, மேட்டு நிலத்தின் பேரரசனும் கடற்கரையின் அரசனும் பகிர்ந்துகொண்ட பெயரைத் தாங்கியது.

அந்த ஏரியை அரசன் காக்கவில்லை, ஊர்ச்சபை காத்தது. பராந்தக சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடவோலை வழியே ஆண்டுதோறும் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. அவற்றில் ஏரி வாரியத்துக்கு 6 பேர். வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். தேர்தல் முறையின் சிறப்புக்காக இக்கல்வெட்டைப் போற்றுவோர், தனியொரு வாரியம் வைத்துக் காக்கும் அளவுக்கு ஏரி அந்த ஊருக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் சேர்த்துப் போற்ற வேண்டும். தலைநகரில் அரசர் மாறினாலும் மரபு மாறினாலும் கரையில் மண் போடும் வேலை நிற்காமல் நடந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

✦

திருமண உறவு பாலாற்று வாசலை அடைத்துவிட்டதா என்றால், அதற்கான விடை ஒரு தலைமுறைக்குள்ளேயே வந்தது. 804-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கோவிந்தன், காஞ்சியின் தந்திகனை வென்று திறை பெற்ற பின் துங்கபத்திரைக் கரையில் தங்கியிருந்து ஒரு செப்பேடு வெளியிட்டான். தந்திகன் என்று அவன் குறிப்பிடுவது, தன் குலத்தின் பெயரையே தாங்கிய தந்திவர்ம பல்லவனைத்தான். உறவு பிறந்த பிறகும் நிலத்தின் சாய்வு மாறவில்லை.

மேற்கே திறைச் சுமையும் தெற்கே பாண்டியரின் நெருக்கடியுமாகத் தொண்டை நாடு இருபுறமும் அழுந்திய அந்த ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவர்க்கு மிச்சமிருந்த திறந்த திசை கிழக்கு ஒன்றே. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அங்கே வெட்டப்பட்ட குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, அதை மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும், அதாவது வணிகக் குழுவினருக்கும் படை முகாமினருக்கும், அடைக்கலமாக ஒப்படைக்கிறது. அவனிநாரணன் என்பது தந்திவர்மனின் மகன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டம்.

உத்திரமேரூர்ச் சமவெளியில் வளர்ந்த குளம் வெட்டும் மரபு, அதற்கு அரசன் பெயர் சூட்டும் வழக்கம், அதை ஒரு குழுவிடம் ஒப்படைக்கும் முறை ஆகிய மூன்றும் கடல் கடந்து ஒன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு சென்றது காற்றின் பருவம் அறிந்த வணிகர்களா, மேற்கு வாசலை அடைக்க முடியாத ஓர் அரசன் கிழக்கே தேடிய புதிய வலிமையா?

(அடுத்த வாரம்: அவனிநாரணம்)